மனு எழுதிய கை

மலேசியாவின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவுக்குக் காலையில் கார் ஓட்டிப் போகும் அரசு ஊழியர்களில் பலருக்கு, தாங்கள் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள்தான் நுழைகிறோம் என்பது தெரியாது. அது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து வந்த ஆங்கிலேயப் படைவீரர்கள் 1921-இல் தொடங்கியது. பிபி 86, பிபி 260 என்று ரப்பர் ரகங்களுக்கு முன்னால் நிற்கிறதே ‘பிபி’, அது இந்தத் தோட்டத்தின் பெயர்ச் சுருக்கம்தான். புதிய நிர்வாகத் தலைநகர் எழும்பியபோது அங்கும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1999-இல் பிரதமர் அலுவலகம் வந்தது. பின்னால் அமைச்சுகளும் இலாகாக்களும் வரிசையாக வந்தன. தகவல் இலாகாவின் தலைமையகமும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்தில் பிறந்து, கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் எழுதி, பிறகு அரசுச் சேவைக்குப் போன தமிழர்கள் ஒரு தலைமுறையில் கணிசமாக உண்டு. தகவல் இலாகா, அங்காசாபுரி வானொலி தொலைக்காட்சி நிலையம், அமைச்சர்களின் அலுவலகங்கள் என்று பல இடங்களில் இருந்தார்கள். தனி ஒருவரைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவர்கள் நடந்த தடம்தான் விஷயம். அந்தத் தடம் முழுக்க அவர்கள் கையில் இருந்தது ஒரே தாள் என்பது என் கணிப்பு. மனு. முதலில் அதை எழுதிக் கொடுத்தார்கள், பிறகு செய்தியாக்கினார்கள், கடைசியில் அதற்குப் பதில் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தின் பலம் முதலில் தெரிவது பள்ளிக்கூடத்தில் அல்ல, பால் நிறுக்கும் ஸ்டோரில்தான். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. இருட்டோடு மரத்தடிக்குப் போனால்தான் வெட்டுக்குப் பலன். வெயில் ஏற ஏற இலை நீரை இழுக்கும், பட்டைக்குள் அழுத்தம் இறங்கும், பால் ஓட்டம் குறையும். ஒருவர் வெட்டும் பங்குக்கு 500 மரம், கொஞ்சம் கூடும் அல்லது குறையும். பால்குழல்கள் பட்டைக்குள் நட்டநேராக ஓடுவதில்லை, வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதனால் உளியை இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இழுத்தால்தான் அதிகக் குழல் அறுபடும். சீவுகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் போதும். ஆழம் குறைந்தால் பால் இல்லை. ஆழம் கூடினால் மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் அந்தப் பக்கம் உளியே ஓடாது. பால் வடியும் கிண்ணமான மங்கில் பால் நிறையும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய பாடு வீண்.

இத்தனை பாடும் கடைசியில் தோட்டத்து எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்ற பதிவேட்டில் இரண்டு எண்களாகச் சுருங்கும். ஒன்று பாலின் எடை, மற்றது அதில் உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்பது. மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் விட்டுப் பார்த்து இரண்டாவது எண்ணைச் சொல்வார்கள். 20 கிலோ பாலுக்கு 33 என்று எழுதினால் 6.6 கிலோ ரப்பர், 30 என்று எழுதினால் 6 கிலோ. ஒரே நாளில் அறுநூறு கிராம் வித்தியாசம். பட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்கும் மங்கில் உறைந்த கட்டிப்பாலுக்கும் வேறு விலை. எழுதியவர் சொன்னதுதான் கணக்கு. வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் அம்மா சம்பளச் சீட்டை அவன் முன்னால்தான் விரிப்பாள். கூட்டிப் பார்ப்பதும், போன மாதத்தோடு ஒப்பிடுவதும், ‘இந்த மூணு நாள் எங்கம்மா போச்சு?’ என்று கேட்பதுமாக அவன் வளர்வான். நிருபர் வேலையில் பாதியை அங்கேயே கற்றுக்கொள்கிறான்.

பள்ளி வயதில் 10 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். வைத்தார்கள். ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். ஆறாம் வகுப்போடு தமிழ் முடிந்து, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து, பிறகு பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை தோட்டத்துக்கே எழுத்தராகிவிடுவான். கிராணிக்கு எழுதத் தெரியும், ஆனால் அவர் ஆபீஸ் ஆள். ஆபீஸுக்கு எதிரான கடிதத்தை அவரிடம் போய் எழுதச் சொல்ல முடியுமா? ஆக, “தம்பி, ஒரு லெட்டர் எழுதிக் குடுய்யா” என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலுக்கு ஆள் வரும். தண்ணீர்க் குழாய், ஒழுகும் தகரம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். அந்தக் காலத்தில் ஒரு பாரம் சரியாக நிரப்பப்பட்டதா இல்லையா என்பது, ஒரு குடும்பம் எந்த நாட்டில் இருக்கும் என்பதையே முடிவு செய்தது.

இளம்பிள்ளைகள் எழுதிய மனுக்கள் பெரும்பாலும் தோற்றதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே தாளில் தண்ணீர், கூரை, கோயில், சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு மேசைக்குரியது என்பதால், முதலில் வாங்கியவர் தன் பங்கைக்கூடச் செய்யாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். தேதி இருக்காது. கைநாட்டு இருக்கும், பக்கத்தில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்காது. நாற்பது கைநாட்டு என்பது அலுவலகத்துக்கு நாற்பது மைப்பொட்டு, அவ்வளவுதான். இதையெல்லாம் விடக் கெட்டது, முதல் பாதி முழுக்க வணக்கமும் புகழ்ச்சியும் நிறைத்துக் கோரிக்கையைக் கடைசி வரியில் ஒளித்துவைப்பது. செய்தி எழுத வந்த பிறகுதான், எதை முதலில் சொல்ல வேண்டும் என்பது இவர்களுக்குப் பிடிபட்டது.

அரசாங்கம் என்ற ஒன்றை இந்தப் பிள்ளைகள் முதலில் பார்த்தது வேன் வடிவத்தில் என்பதையும் சொல்லவேண்டும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் வேன்கள் கிராமம், புதுக்கிராமம், தோட்டம் என்று சுற்றின. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டி, நடுவே நிறுத்திப் பேசுவார்கள். பேசுகிறவர் ஒலிபெருக்கியில் தமிழ் பேசுவார். அது அரசாங்கத்தின் தமிழ்.

நாளிதழுக்குள் வரும் வழி அநேகமாக இலக்கியம்தான். தமிழ் நேசன் 1950-இல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் இருவரையும் கொண்டு நடத்திய ‘கதை வகுப்பு’, 1952-இல் தமிழ் முரசு தொடங்கிய ‘மாணவர் மணிமன்றம்’, பிறகு வந்த ஞாயிறு பதிப்புகள் எல்லாம் தோட்டத்து முகவரிகளிலிருந்து வந்த தபால் உறைகளை நம்பி நடந்தவை. கதை அனுப்பிய பையனிடமே பத்திரிகை செய்தியும் கேட்கும். கோயில் திருவிழா, சங்கக் கூட்டம், விபத்து. தோட்டத்து நிருபருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெயர் வரும், ஒரு பிரதி வரும். கோலாலம்பூர் மேசையில் உட்கார இடம் கிடைத்தால்தான் அது வேலை.

அந்த மேசையில் கற்றுக்கொண்டதைச் சொல்ல ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். நிலம் கைமாறிவிட்டது, லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது என்று தோட்டத்திலிருந்து மனு வருகிறது. சிலாங்கூரில் எண்பதுகள், தொண்ணூறுகள் முழுக்க வந்த செய்தி இதுதான். அரைகுறை நிருபர் அழுகிற பாட்டியின் படத்தோடு முடித்துக்கொள்வார். தோட்டத்திலிருந்து வந்தவர் முதலில் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி நிலப்பட்டா விவரம் எடுப்பார். நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது? நோட்டீஸ் அனுப்பியவரும் பட்டாக்காரரும் ஒருவர்தானா? பட்டாவில் நிலம் விவசாயத்துக்கு என்று இருக்கிறதா, கட்டுமானத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதா? இந்த மூன்றும் தெரியாமல் எழுதினால் மறுநாள் வக்கீல் கடிதம் வரும். 1957-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் பாட்டியின் கண்ணீரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

அடுத்தது இழப்பீடு. 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்தப் பலன் விதிகள்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், இரண்டு வருடத்துக்குக் கீழே வருடத்துக்கு 10 நாள் கூலி, இரண்டு முதல் ஐந்துக்குள் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். 25 வருடம் மரம் வெட்டியவருக்கு 500 நாள் கூலி வருகிறது. ஒரு நாள் கூலி எது என்பதில்தான் சண்டை. கடைசி 12 மாதத்தின் சராசரி என்கிறது விதி. இலையுதிர் காலமும் மழைக்காலமும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடும். நல்ல மாதத்துச் சம்பளச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொகை போட்டு எழுதிய செய்திகள் தொழிலாளர் இலாகாவில் போய் அடிபட்டுத் திரும்பியிருக்கின்றன. புது முதலாளி ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தருவதாகச் சொல்லி, தொழிலாளி காரணமில்லாமல் மறுத்தால் அந்தப் பணமும் இல்லை. இன்னொன்று, இந்த விதிகள் வேலைக்குத்தான் பணம் தருகின்றன, வீட்டுக்கு அல்ல. அத்தனை போராட்டமும் பணத்தைத் தாண்டி வீட்டுக்காக நடந்ததற்குக் காரணம் இதுதான். ‘இழப்பீடு வாங்கிவிட்டார்களே, இன்னும் என்ன?’ என்று தலையங்கம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் எழுதினார்கள்.

1984-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தின்படி நாளிதழின் உரிமத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012-இல்தான் அது மாறியது. எந்தச் செய்தி எத்தனை பத்தியில் வரும் என்பதில் அந்த உரிமத்துக்கும் பங்கு உண்டு.

பத்திரிகையை விட்டு அரசு வேலைக்கு ஏன் போனார்கள்? ‘கொள்கையை விற்றுவிட்டார்’ என்று பத்திரிகை நண்பர்கள் சொன்னார்கள். கோலாலம்பூரில் வாடகை கொடுத்துப் பிள்ளை வளர்த்த எவரும் அப்படிச் சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். அரசு வேலையில் வீட்டுக் கடன் உண்டு, மருத்துவம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த ஓய்வூதியமும் போய்ச் சேமநிதி ஆகிவிட்டது, அது வேறு கதை. தமிழ்ப் பத்திரிகையோ எந்த மாதம் சம்பளம் தள்ளிப்போகும் என்று தெரியாத இடம். 10.9.1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது.

நுழையும் வாசல் எஸ்பிஏ என்ற பொதுச் சேவை ஆணையம். எஸ்பிஎம் என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வின் மலாய்ப் பாடத்தில் கிரெடிட் இல்லாமல் நிரந்தர வேலை கிடையாது. தமிழில் எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் அந்த ஒரு தாள் இல்லையென்றால் வாசலோடு சரி. அதனால் முப்பது வயதில் உட்கார்ந்து மலாய்த் தேர்வை மட்டும் மறுபடி எழுதியவர்கள் உண்டு. பட்டதாரிகளுக்கு எஸ் 41 என்று நெடுங்காலம் அறியப்பட்ட தகவல் அதிகாரி நிலை, 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் எஸ் 9 ஆனது. பட்டம் இல்லாமல் வந்தவர்கள் உதவி அதிகாரியாகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தார்கள். நேர்முகத்தில் பத்திரிகை அனுபவத்தைப் பெருமையாக நீட்டுவது உதவாது. கேட்பவர்கள் பார்ப்பது, மேலதிகாரி சொன்னதை மாற்றாமல் எழுதுவாரா என்பதைத்தான்.

உள்ளே போன பிறகு கையெழுத்துகள். ‘ஆக்கு ஜான்ஜி’ உறுதிமொழி, அரசு இரகசியச் சட்டப் பாரம், சொத்து அறிவிப்பு. 1993-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் பத்திரிகையாளனை நேராகக் குறிவைத்து எழுதியவை போலவே இருக்கும். அனுமதி இல்லாமல் அரசுக் கொள்கை பற்றிப் பொது அறிக்கை விடக்கூடாது, பத்திரிகைகளுக்கு ஆசிரியர் பொறுப்பில் இருக்கக்கூடாது. இலாகா வெளியீடு, தொழில்சார் வெளியீடு, அரசியல் சாராத அமைப்பின் மலர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கோயில் திருவிழா மலரில் ‘மலர்க் குழு’ என்ற பட்டியலில் ஓர் அரசு அதிகாரியின் பெயர் துணிந்து வருவது இந்த விலக்கினால்தான்.

வேலையின் கடினமான பகுதி மொழிபெயர்ப்பு. எல்லாம் மலாயில்தான் பிறக்கும். அறிக்கை, உரை, நாடாளுமன்றப் பதில் எதுவாக இருந்தாலும் அதைத் தமிழாக்கும்போது வினைச்சொல்லில்தான் கால் வழுக்கும். ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நிதி என்று வைத்துக்கொள்வோம். ‘டிலூலுஸ்கான்’ என்றால் ஒப்புதல் தந்தாகிவிட்டது என்று அர்த்தம். ‘டிசாலுர்கான்’ என்றால் பணம் அனுப்பியாகிவிட்டது. ‘டிபெலாஞ்சாக்கான்’ என்றால் செலவழித்தாகிவிட்டது. மூன்றையும் ‘வழங்கப்பட்டது’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டால், மறுநாளே பள்ளி வாரியத்தார் வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒப்புதலுக்கும் பணத்துக்கும் நடுவே நில விவகாரம், குத்தகை, பொதுப்பணி இலாகா மதிப்பீடு என்று மாதங்கள் கிடக்கின்றன. பள்ளி நிற்கும் நிலம் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தால் அது பகுதி உதவிப் பள்ளி. அரசாங்கம் அதற்கு முழுச் செலவையும் ஏற்காது. அந்த விவரத்தை அறிக்கையில் ஒரு வரி சேர்க்காமல் விட்டால் தொகை பொய்யாகத் தெரியும்.

‘மெங்கம்பில் மக்லும்’ இதைவிட மோசம். அமைச்சு அதைக் குறித்துக்கொண்டது என்பதுதான் பொருள். ஏற்றுக்கொண்டது என்றல்ல. பத்திரிகையில் ‘அமைச்சு இணக்கம்’ என்று தலைப்பு வந்தால், மனு கொடுத்தவர்கள் அதை வெட்டி ஃபிரேம் போட்டுவிடுவார்கள், இலாகா மறுப்பறிக்கை விடும், நடுவில் மொழிபெயர்த்தவர் தலை உருளும். ‘பாடா டாசார்ஞா பெர்செத்துஜு’ என்பதும் கொள்கையளவில் சம்மதம், அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. தோட்டத்து ஆளாக இருந்து வந்தவருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. ‘பார்க்கலாம்’ என்று துரை சொன்னதற்கும் ‘செய்யலாம்’ என்று சொன்னதற்கும் உள்ள தூரத்தை அவர் லயத்திலேயே அளந்திருக்கிறார்.

செயப்பாட்டு வினை இன்னொரு தலைவலி. மலாயில் ‘செய்யப்பட்டது’ மரியாதை. தமிழில் அதையே வரிக்கு வரி போட்டால் யார் செய்தது என்பது காணாமல் போகிறது. நல்ல அதிகாரிகள் முதல் வாக்கியத்தில் மட்டும் செய்தவரை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மற்றதை மலாய்ப் போக்கிலேயே விட்டுவிடுவார்கள். பட்டங்களில் விளையாட முடியாது. டத்தோவை டத்தோஸ்ரீ ஆக்கினால் சிரிப்பு, டான்ஸ்ரீயை டத்தோ ஆக்கினால் விளக்கக் கடிதம். அமைச்சரின் தமிழ் உரை என்றால் இன்னொரு கவனம் வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாதவர் என்றால் ரோமன் எழுத்தில் அசை பிரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். ழகரம் வரும் சொல்லை முடிந்தவரை முதல் இரண்டு வாக்கியத்தில் வைக்காமல் இருப்பது புண்ணியம்.

மனு இப்போது அவர் மேசைக்கு மேலிருந்து கீழாக வரும். கீழிருந்து வந்ததுதான், ஆனால் பெரியவர் அலுவலகத்துக்குப் போய், ஓரத்தில் ‘மீனிட்’ என்ற குறிப்பு எழுதப்பட்டு இறங்கி வரும். அனுபவப்பட்டவர் முதலில் படிப்பது கடைசிப் பகுதியை. ‘சாலினான் கெபாடா’ என்று யார் யாருக்கெல்லாம் நகல் போயிருக்கிறது என்று பார்ப்பார். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, 1971-இல் தொடங்கிய பொதுப் புகார் பிரிவுக்கு ஒன்று என்று இருந்தால் கோப்பு நகரும். நகல் யாருக்குமே போகவில்லையென்றால், சட்டப்படி அதற்கும் அதே மரியாதைதான், நடைமுறையில் அது கீழ்த்தட்டில் கிடக்கும். பிறகு பார்வை எண். ‘ருஜுக்கான் காமி’ என்பது எங்கள் எண், ‘ருஜுக்கான் துவான்’ என்பது உங்கள் எண். பழைய பதிலின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய மனு நேரே பழைய கோப்பில் போய்ச் சேரும். எண் இல்லாத மனுவுக்குப் புதுக் கோப்பு திறப்பார்கள், முன்பு கொடுத்த வாக்கு பழைய கோப்பில் தூங்கும். இந்த ஓர் எண்ணுக்காக மனுதாரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘அண்ணே, போன கடுதாசியோட மேல்பக்கத்த எடுத்துப் படிங்க’ என்று கேட்கும் அதிகாரியை நீங்கள் சந்தித்தால், அவர் எங்கே பிறந்தார் என்று ஊகிக்கலாம்.

பதிலின் அடியில் ‘சாயா யாங் மெனுருட் பெரிந்தா’ என்று எழுதுவது நெடுங்கால வழக்கம். ஆணைக்குப் பணியும் நான். 2018-இல் அது ‘சாயா யாங் மெஞ்சாலான்கான் அமானா’ என்று மாறியது. ஒப்படைத்த பொறுப்பை நிறைவேற்றும் நான். கையெழுத்து அதேதான். தோட்டத்து மனுக்களின் அடியில் ‘தங்கள் உண்மையுள்ள ஊழியன்’ என்று எழுதிப் பழகியவர்களுக்கு இரண்டுமே புதிதாகத் தோன்றியிருக்காது.

60 வயதில் ஓய்வு. கோப்புகளை ஒப்படைத்து, அலுவலக அட்டையைக் கொடுத்து, இரகசியச் சட்டப் பாரத்தில் மறுபடியும் கையெழுத்துப் போடவேண்டும். வேலையை விட்ட பிறகும் அந்த வாக்கு தொடரும். ‘ராசியா பெசார்’, ‘ராசியா’, ‘சூலிட்’, ‘தெர்ஹாட்’ என்று நான்கு தரத்தில் முத்திரை வாங்கிய தாள்களில் என்ன படித்தாரோ அது அவரோடு இருக்கவேண்டியதுதான். இப்படிப்பட்டவர்கள் எழுதும் வாழ்க்கை நினைவுகளைப் படிப்பவர்கள், பெரட்டு மணி, மங்கு கழுவுவது, ஒட்டுப்பால் நாற்றம், முதல் கதை அச்சில் வந்த ஞாயிறு என்று பக்கம் பக்கமாகப் போய்விட்டு, முப்பது வருட அரசுச் சேவை மட்டும் பணியிடங்களின் பட்டியலும் இரண்டு குழுப் படங்களுமாக முடிவதைப் பார்த்து ஏமாறுவார்கள். மறதியோ அடக்கமோ அல்ல, அந்தப் பாரம்தான். தோட்டத்துச் செக்ரோலுக்கு இரகசிய முத்திரை கிடையாது.